ரிசப்ஷன் வேலை வேண்டாம்

மூன்று வருடங்களுக்கு முன் பெங்களூரில் நடந்தது இது. பி.யூ.சி., அதாவது பன்னிரண்டாவது, முடித்த என்னைக் காலேஜுக்கு அனுப்ப வீட்டில் வசதியில்லை. ஈஜிபுராவில் எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பயிற்சி மையத்தில் ஏசி மெக்கானிக் வகுப்பில் சேர்ந்தேன். அத்தனை பையன்களுக்கு நடுவே நானும் என் தோழியும்தான் பெண்கள். செப்புக் குழாயை வளைக்க, பற்றவைக்க, கேஸ் நிரப்ப எல்லாம் கற்றுக்கொண்டோம். கையில் சூடுபட்ட தழும்புகூட எனக்குப் பெருமையாக இருந்தது.

பயிற்சி முடிந்ததும் ஒரு கம்பெனி மேனேஜர் ஆள் எடுக்க வந்தார். பையன்களுக்கெல்லாம் மெக்கானிக் வேலை. எங்கள் இருவருக்கும் ரிசப்ஷன்.

"வீடு வீடா பொண்ணை அனுப்பினா கஸ்டமர் என்னம்மா நினைப்பாங்க? ஜம்முனு ஏசி ரூம்ல உக்காந்து போன் எடு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஏசி ரூம்ல உக்கார வரல சார், ஏசியை ரிப்பேர் பண்ண வந்தேன். பகல்ல கதவைத் திறக்கிறதே பாதி வீட்ல பொம்பளைங்கதான். என்னைப் பார்த்து அவங்களுக்கு என்ன பயம்?"

பயிற்சியாளர் பதறிப்போய், "சும்னிரம்மா, பேசாம இரு! கிடைச்சதை எடுத்துக்கோ" என்று அடக்கினார். "வேணாம் சார்" என்று எழுந்து வந்துவிட்டேன். தோழி அந்த வேலையில் சேர்ந்தாள். அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அவள்மேல் வருத்தமில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அம்மா கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்ப்பவர். நல்ல திட்டு விழும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேணாம்னு சொல்லிட்ட. சரி, நாளைக்கு எங்க போய்க் கேக்கப்போற?" என்றார்.

மறுநாளிலிருந்து ஏசி சர்வீஸ் கடை கடையாக ஏறி இறங்கினேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் டீ வாங்கிவரச் சொன்னார். கடைசியில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு சின்னக் கடைக்காரர், கோடையில் ஆள் கிடைக்காத எரிச்சலில், "டூல்ஸ் பையைத் தூக்குவியா? வா" என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ. அன்றே வேலையில் சேர்ந்தேன். இப்போது வண்டியில் தனியாகவே வீடுகளுக்குப் போகிறேன்.

இன்றும் சிலர் கதவைத் திறந்து, என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "மெக்கானிக் எங்கம்மா?" என்பார்கள். "நான்தான்" என்று உள்ளே நுழையும்போதெல்லாம், காலேஜுக்குப் போகாதவள் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்று இனி யாரும் எனக்குச் சொல்லமுடியாது என்றே தோன்றுகிறது.