ஜாமீன் கையெழுத்துக்குப் பூ கேட்ட நாள்

போன ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை. தறியில் பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. திருப்பதி கடைக்குப் புடவைக் கட்டு கொடுக்கப் போன என் வீட்டுக்காரரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டதாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் வீட்டுக்காரர் முருகேசனை நம் நகரி பஜனைக் குழுவில் தெரியாதவர் யார்? ஜால்ராவைக்கூட அதற்கு வலிக்காமல் தட்டுகிற மனிதர். அவர் மேல் அடிதடி கேஸ். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் கட்டிப் புரண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். இவர் விலக்கிவிடப் போயிருக்கிறார். அதில் ஒருவர் படியில் விழுந்து கை எலும்பு முறிந்துவிட்டது. விழுந்தவர் கொடுத்த புகாரில் இவர் பெயரும் ஏறிவிட்டது. மறுநாள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். ஜெயிலில் வைக்க ரிமாண்டு என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தறியை நிறுத்தினேன். சோறு இறங்கவில்லை. பெருமாள் படத்துக்கு முன்னால் நின்று அழுதேன். அழுதது பாதி, சண்டை போட்டது பாதி. "உன் ஊருக்கு வந்தவரத்தான் புடிச்சிக்கினு போனாங்க. நீ மலை மேல இன்னா பாத்துக்கினு இருந்த?" என்று கேட்டேன். வாய் கொஞ்சம் நீளம்தான் எனக்கு. பெருமாளுக்கும் அது தெரியும்.

ஆந்திராவில் இருந்தாலும் நகரித் தமிழர்களான நமக்கு ஒரு பழக்கம் உண்டே. காய்ச்சல் வந்தாலும் எல்லை தாண்டித் திருத்தணிக்கு ஓடுவோம், கல்யாண ஜவுளிக்கும் ஓடுவோம். நானும் ஓடினேன். அங்கே இருக்கும் என் தம்பி ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்தான். நல்ல மனிதர். காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொன்னார். "அம்மா, எல்லாம் தெலுங்குல கீது. நான் வந்து போறதுக்குள்ள நாள் ஓடிடும். அந்தக் கோர்ட்டுல தினம் நிக்கிற ஆளாப் பாரு." வீணாய் இரண்டு நாள் போயிருந்தது.

திருப்பதி கோர்ட்டு வாசலில் போய் நின்றேன். எத்தனை கறுப்புக் கோட்டு! யாரைக் கேட்பது? கேட்டுக்கு வெளியில் ஒருவன் "நாளைக்கே வெளிய எடுத்துடலாம்" என்று என் கூடவே நடந்தான். பயமாக இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மலை தெரியும். கை கூப்பினேன். "ஆள நீயே காட்டு. என் கண்ணுக்குப் புரியற மாதிரி காட்டு" என்று வேண்டிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தேன்.

மதியம் வாக்கில் ஒரு வக்கீலம்மா வந்தார். தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவருக்குப் பக்கத்தில் தானும் குந்தி, காகிதத்தில் விரல் வைத்து வரி வரியாகப் படித்துச் சொன்னார். பெரியவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. கோபப்படாமல் முதலிலிருந்து மறுபடி சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுந்து போய்க் கும்பிட்டேன். பெயர் சரளா. சத்தியவேடு பக்கம். நம் தமிழே பேசினார்.

"சாப்டியாம்மா? மூஞ்சி வாடிக் கீது. மொதல்ல எதனா துன்னுட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அழுதுவிட்டேன்.

சாப்பிட்டு வந்ததும் ஜாமீன் மனு போடலாம் என்றார். எனக்குச் சுருக்கென்றது. "தப்பே பண்ணாதவரு எதுக்கும்மா ஜாமீன் கேக்கணும்? கேட்டா ஒத்துக்கினாப்பல ஆயிடாதா?"

அவர் சிரித்துவிட்டார். "இல்லவே இல்ல. தப்பு யார் மேலன்னு அப்புறம் கேஸ் நடந்துதான் தெரியும். அது வரைக்கும் அவரு வூட்ல இருக்கலாம், அவ்ளோதான் ஜாமீனு. கூப்புட்ட வாய்தாவுக்கு வரணும். சாட்சிங்க பக்கம் போகக் கூடாது. வருவாருன்னு ரெண்டு பேரு அவருக்காகப் பொறுப்பு ஏத்துக்கணும்."

மனு முதல் முறை தள்ளிப் போனது. அடுத்த முறை உத்தரவு கிடைத்தது. நான் கோர்ட்டு வாசலிலேயே "கோவிந்தா" என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டுமே. புடவைக் கடை முதலாளி கேட்டவுடனே சரி என்றார். என் தம்பி "நான் வரேன்" என்று துடித்தான். ஆனால் வேறு மாநிலத்துக் காகிதத்தைச் சரிபார்க்க நாளாகும், உள்ளூரில் சொந்த வீடு இருப்பவர் நல்லது என்றார் வக்கீலம்மா.

உள்ளூரில் சொந்த வீடு என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் ஏகாம்பரம், எங்கள் பெரிய மாமா. அங்கேதான் முட்டிக்கொண்டது. அவர்களுடைய தாத்தா யாருக்கோ கடனுக்கு ஜாமீன் நின்று, தறிகளை ஒவ்வொன்றாகப் பறிகொடுத்தவர். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த வீட்டு ஆண்கள் தறியின் மேல் கை வைத்து, ஜாமீன் கையெழுத்துப் போடமாட்டோம் என்று பெருமாள் மேல் சத்தியம் செய்வார்கள். வேறு வீட்டில் இது சிரிப்பாக இருக்கலாம். எங்கள் வீட்டில் அது சாமி சமாசாரம்.

பெரிய மாமா குழந்தை மாதிரி அழுதார். "என் ரத்தத்தக் கேளும்மா, தரேன். சத்தியத்த எப்படிம்மா மீறுவேன்?" இது கடன் இல்லை, தம்பி வாய்தாவுக்கு வந்தால் போதும், வராமல் போனால்தான் நம் தலையில் விழும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவருக்கும் புரிந்தது. ஆனாலும் பேனாவைத் தொடவில்லை. கடைசியில், "பூ கேப்போம். பெருமாள் வெள்ளயக் குடுத்தா போடுறேன்" என்றார்.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டிலும் வெள்ளையையே வைத்தால் என்ன என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது, மறைக்கவில்லை. பெருமாளிடமா அந்த வேலை? ஒழுங்காகவே கட்டிப் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "வெள்ளைய குடு, வெள்ளைய குடு" என்று வேண்டினேன். மாமா ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

சிவப்பு.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாமாவின் சம்சாரம், எங்கள் லட்சுமி அக்கா, அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அதிர்ந்து பேசாதவர். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சாமி சரியாத்தான் சொல்லிக்கீறாரு. நீ போடாத. சத்தியம் பண்ணது ஆம்பளைங்க. நாங்க தட்டத்தப் புடிச்சிக்கினு பின்னாலதான் நின்னோம். வூடு யாரு பேர்ல கீது? என் நைனா எனக்குக் குடுத்தது. நான் போடுறேன், முருகேசனுக்கு."

மாமா திறந்த வாயை மூடவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீரோடு. நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வரி ரசீதை எடுக்கப் பீரோ சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் வெள்ளைப் பூ கேட்டேன். அதைக் கொடுத்திருந்தால் ஒரு மனிதரின் சத்தியத்தை உடைத்துத்தான் என் வீட்டுக்காரர் வெளியே வந்திருப்பார். பெருமாள் யாரையும் உடைக்காமல் கொண்டுவந்தார். என்னே அவன் கருணை!

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா நீதிபதி முன்னால் நின்று, இவரைத் தெரியும் என்று தெளிவாகத் தெலுங்கில் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். நேராக அண்ணியின் காலில் விழுந்தார். "எழுந்திரு, பஸ்ஸு போயிடும்" என்றார் அக்கா. மறுநாள் புரட்டாசி முதல் சனிக்கிழமை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து மலையேறினோம்.

கேஸ் இன்னும் நடக்கிறது. ஒரு வாய்தாவும் தவறவில்லை. கட்டு சாதத்தோடு குடும்பமாகப் போய்வருகிறோம். முன்பெல்லாம் போலீஸ் என்றாலே கதவைச் சாத்துவேன். இப்போது நம் தெருவில் யாருக்காவது இப்படி ஒரு கஷ்டம் என்றால் நானே கூட வருகிறேன். அந்தக் கோர்ட்டில் தினம் நிற்கிற வக்கீலைப் பாருங்கள், புரியும்வரை கேளுங்கள், ஜாமீன் கேட்க வெட்கப்படாதீர்கள் என்று சொல்கிறேன்.

அன்பர்களே, கஷ்டம் வந்தால் பெருமாளிடம் கேளுங்கள். அழுது கேளுங்கள், என்னைப் போலச் சண்டை போட்டும் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்டது கிடைக்கவில்லை என்றால் எழுந்து போய்விடாதீர்கள். இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருங்கள். அவர் வேறு யாரையோ அனுப்பியிருப்பார். அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு வரவேண்டாமா?