நூற்றிருபது படம், ஒரு முகம்கூட இல்லை

இன்று கொம்தார் கட்டடத்துப் போட்டோக் கடையில் என் மானம் போயிற்று.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தில் எல்லோரும் சேர்ந்து நின்ற படத்தைப் பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்ட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அண்ணன் புதிதாக டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்ததால் அன்று வேறு யாரையும் படம் எடுக்க வைக்கவில்லை.

கேமராவிலிருந்த டிஸ்கெட்டைப் போட்டுப் பார்த்த கடைக்காரச் சீனர், "தா போலே லா," என்று கையை விரித்தார். முடியாதாம். நான்தான் பிடிவாதமாகப் போடச் சொன்னேன். முகம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் பழுப்புக் கட்டங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைப் பிடித்தேன். "ரெசலூஷன எதுல வச்சீங்கண்ணே?"

"ஆகச் சின்னதுல. பெருசுல வச்சா பதினாறு படந்தான் புடிக்க முடியும். சின்னதுல நூத்திருபது! ஜுருவுல இருக்கற சித்தப்பா வீட்டாளுங்கள விட முடியுமா? காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க லா."

"இப்ப அவங்க மூஞ்சி எங்க?"

"கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது!"

இந்த மனிதரிடம் என்னத்தைப் பேசுவது? ஒருவரையும் விடவில்லை, உண்மைதான். அடையாளம் தெரிகிற மாதிரியும் ஒருவரும் இல்லை.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படத்தைப் பார்த்தார். "மாலை போட்டிருக்கறதால இது அப்பான்னு தெரியுது," என்றார். பிறகு அண்ணனிடமே ஆணி அடிக்கச் சொன்னார்.

அன்று வந்த சொந்தங்கள் இந்த மின்னஞ்சல் குழுவில் இருந்தால், என்ன நிறத்தில் உடுத்தியிருந்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். பச்சைக் கட்டம் மட்டும் ஏழு இருக்கிறது.