நான் உரக்கப் படித்த காதல் சீட்டு

போன வாரம் கிருத்திகைக்குத் திருத்தணி போயிருந்தேன். முருகனைப் பார்த்தேனா? பார்த்தேன். மொட்டைத் தலைகளுக்கு நடுவே எட்டி எட்டி, ஒரு நொடி. மனசு குளிர்ந்ததா? குளிர்ந்தது... பாதி மலை இறங்கும் வரைக்கும்.

அங்கிருந்தே கண்ணில் பட்டுவிட்டது. அடிவாரத்தில், குளத்துக்குப் பக்கத்தில், அந்தப் பழைய சத்திரம். கம்பெனிக்காரன் வருவதற்கு முந்தி எந்த ராஜாவோ கட்டியது. முன்பக்கம் அப்படியே இருக்கிறது. பின்கட்டை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். கடப்பாரையும் கூடையுமாக ஆட்கள்.

"விசாலம், அந்தச் சுவரையா இடிக்கிறாங்க?" என்றேன்.

"எந்தச் சுவரை?" என்றாள் என் மனைவி, எது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அந்தச் சுவர். எழுத உட்கார்ந்தால் அந்தச் சுவர். எவனாவது ஒரு ஆள் செங்கல்லைப் பெயர்ப்பான். உள்ளே இருக்கும் சீட்டுக் கட்டை எடுப்பான். நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, நான் செய்த அதே காரியத்தைச் செய்வான்... அதற்குள் நானே சொல்லிவிடுவது மேல் இல்லையா? விசாலமும் சரி என்றுவிட்டாள். இனி யாருக்கும் பாதகமில்லையாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மதராஸே மூட்டை கட்டியதே, அந்தச் சித்திரை நினைவிருக்கிறதா? நாங்களும் கட்டினோம். நான், விசாலம், காது சரியாகக் கேட்காத என் அம்மா. எங்கே போவது? சொந்த ஊர் திருநெல்வேலி ரொம்ப தூரம். ரயிலில் நிற்க இடமில்லை. திருத்தணியில் சத்திரம் கிடைக்கும் என்றார்கள். வந்து விழுந்தோம்.

இடம் கிடைத்தது. நிம்மதி கிடைத்ததா? சத்திரத்து மானேஜர் ராகவுலு நாயுடு ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆண்கள் முன்கட்டு, பெண்கள் பின்கட்டு. நடுவில் முற்றம். கட்டின பெண்டாட்டியாக இருந்தாலும் முற்றத்தைத் தாண்டக்கூடாது. "இது தர்ம சத்திரமண்டி! சம்சாரம் பண்ற எடமில்ல," என்பார். ஒரு ராத்திரி தங்கிப் போகும் யாத்ரீகர்களுக்குப் போட்ட சட்டம் அது. நாங்களோ மாதக்கணக்கில் கிடந்தோம். விசாலத்திடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமானால் முற்றத்தில் நின்று கத்த வேண்டும். ஊரே கேட்கும். என்னத்தைப் பேசுவது?

எனக்கு அங்கே வேலையும் கிடையாது. நான் எழுதுகிற பத்திரிகை மதராஸில் பாதிப் பக்கத்தோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காலையில் ரயிலடிக்குப் போய்ப் பேப்பர் வாங்குவேன். வரிக்கு வரி படிப்பேன். ரங்கூன் விழுந்துவிட்டது என்பான் ஒருவன்; அடுத்தது மதராஸ்தான் என்பான் இன்னொருவன். மலையைப் பார்ப்பேன், குளத்தைப் பார்ப்பேன், நகத்தைக் கடிப்பேன். வெயிலோ, கேட்கவே வேண்டாம்.

எங்கள் முன்கட்டில் ரிடையர்டு தாசில்தார் சபாபதி முதலியார் இருந்தார். உத்தியோகம் போனாலும் உத்தரவு போடும் பழக்கம் போகாதவர். வாசலுக்கு நேராக, முற்றத்தையும் பின்கட்டையும் பிரிக்கிற நடுச்சுவரில் ஒரு விளக்கு மாடம். அதன் வெளிச்சம் தெருவில் விழுகிறது, அதை அடைக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்.

"ஜப்பான்காரனுக்குத் திருத்தணியில் என்ன சார் வேலை? காவடியா எடுக்கப் போறான்?" என்று கேட்டேன்.

"அரக்கோணம் ஜங்ஷன் எவ்வளவு தூரம் சொல்லுங்க! அதுக்குக் குறி வைக்கிறவனுக்குக் கொஞ்சம் கை தவறினா நம்ம தலையிலதானே?" என்றார்.

சும்மா இருக்கிறோமே, நாமே அடைப்போம் என்று ஒரு நாள் மத்தியானம் களிமண்ணைக் குழைத்துக்கொண்டு போனேன். மாடத்துக்குள் மண்ணை வைத்து அழுத்தினால் பின்பக்கத்துச் செங்கல் ஆடுகிறது. இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒரு பொந்து. பொந்தில், சிவப்பு நூலால் சுற்றிக் கட்டிய காகிதச் சீட்டுகள்!

பிரித்தேன். பென்சில் எழுத்து. தமிழ் எழுத்துதான். ஆனால் ஒரு வார்த்தை புரியவில்லை. இடைவெளியே விடாமல் இப்படி ஓடியது: "நுவ்வுராகபோத்தேநாக்கிநித்ரராது."

தாசில்தாரிடம் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"நாக்கி... கபோத்தே... ஜப்பான்காரன் பேர் மாதிரி இல்லே? சார், இது ரகசிய சங்கேதம்! உளவாளி எவனோ இங்கே இருந்திருக்கான். சப்-இன்ஸ்பெக்டரைக் கூப்பிடணும்," என்றார்.

"பழைய காகிதம் மாதிரி இருக்கே?" என்றேன்.

"எந்தக் காகிதம் இப்போ வெள்ளையா இருக்கு?" என்றார். வாஸ்தவம். யுத்தம் வந்த பிறகு புதுக் காகிதமும் பழுப்பாகத்தானே வருகிறது? பாட்டன் காலத்துச் சீட்டா, போன மாதத்துச் சீட்டா... எதை வைத்துச் சொல்வது?

விஷயம் பரவிவிட்டது. முற்றத்தில் கூட்டம். முன்கட்டுக்காரர்கள், பின்கட்டு வாசலில் பெண்கள், வாசலில் நின்றிருந்த ஜட்கா வண்டிக்காரன், பூ விற்கிற அம்மாள். "படியுங்கோ, படியுங்கோ" என்றார்கள். என்னைப் படிக்கச் சொன்னால் நான் சும்மா விடுவேனா? நடுவில் நின்றுகொண்டு, குரலை உயர்த்தி, எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"நுவ்வு... ராக... போத்தே... நாக்கி..."

ஜட்காக்காரன் களுக்கென்று சிரித்தான். பூக்கார அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். என் வாசிப்பு அத்தனை ரசமாக இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து அடுத்த சீட்டை இன்னும் கணீரென்று எடுத்தேன்.

"மெட்லகாட... உண்டா... பாவா... அம்மகி... தெலிஸ்தே..."

"ஆங்! படி சாமி, படி! சோக்கா கீது!" என்றான் ஜட்காக்காரன். "பட்டப்பகல்ல, இம்மாம் பேருக்கு நடுவுல, இன்னா தைரியமா படிச்சிகினு கீறாரு பாரு!"

அப்போதுதான் என் வாய் சொன்னது என் காதில் விழுந்தது. ஐயோ... தெலுங்கு! தெலுங்கைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறது. இந்த எல்லைப்புறத்தில் அது சகஜமாம். வீட்டில் பேசுவது தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் கற்றது தமிழ் எழுத்து. வேறு எப்படி எழுதுவார்கள்? திருநெல்வேலிக்காரன் எனக்குத் தெலுங்கு காதில் விழுந்தால்தான் தெலுங்கு என்று தெரியும். கண்ணில் விழுந்தால் தெரியாது. அந்த முற்றத்திலோ ஊர்க்காரர் அத்தனை பேருக்கும் தெரிந்தது. 'நீ வராவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மலைப் படிக்கட்டுகிட்டே இருப்பேன் பாவா. அம்மாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவாள்.' இதைத்தான் நான் சங்கீதக் கச்சேரி மாதிரி பாடியிருக்கிறேன்.

பாவா என்றால் அங்கே அத்தான். கட்டிக்கொள்கிற முறைக்காரன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் சிரிக்கவில்லை. ராகவுலு நாயுடு. விடுவிடுவென்று நடுச்சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் மாவரைக்கிற அறை. அங்கே உட்கார்ந்திருந்தவள் நாகம்மா.

நாகம்மா பள்ளிப்பட்டுக்காரி. நெசவுக் குடும்பம். சின்ன வயசு. புருஷன் பிழைக்க ரங்கூன் போயிருந்தான். ரங்கூன் விழுந்ததிலிருந்து கடிதாசி இல்லை. உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாது. சத்திரத்தில் மாவரைத்து, பாத்திரம் தேய்த்து, அங்கேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்வாள். அதைவிட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

கையெல்லாம் மாவோடு அவளை முற்றத்துக்கு இழுத்து வந்து நிறுத்தினார் நாயுடு.

"புருஷன் அங்க சாகறானோ பொழைக்கிறானோ, நீ இங்க பாவாவுக்குச் சீட்டு எழுதினியா? செங்கல்லுக்கு அந்தப் பக்கம் உக்காந்துகினு இருக்கிறவ நீதானே?"

"சத்தியமா நான் இல்லீங்க நைனா! எனக்கு எழுத்தே தெரியாதுங்க. மாவாட்டிகினு இருந்தேன், எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க நைனா..."

"எவனையாச்சும் வெச்சு எழுதியிருப்பே! இப்பவே மூட்டையைக் கட்டு. இது சாமி சத்திரம்!"

அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சார், இது பழசாகவும் இருக்கலாம்..." என்றேன். யார் கேட்கிறார்கள்? இவ்வளவு நேரம் கணீரென்று இருந்த குரல் இப்போது எனக்கே கேட்கவில்லை. கூட்டமோ ஏற்கெனவே 'ச்சூ' கொட்ட ஆரம்பித்துவிட்டது. சாயங்காலத்துக்குள் பள்ளிப்பட்டுக்குச் சேதி போய்விடும். மாமியார் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும்.

அப்போது முற்றத்துக்குள் யாரோ இறங்கி வந்தார்கள். மானேஜர் சட்டத்தை மீறி, முழு முற்றத்தையும் தாண்டி, நேராக என்னிடம் வந்து, என் கையிலிருந்த சீட்டுகளைப் பிடுங்கிக்கொண்டாள். விசாலம்!

"நாயுடுகாரு, அந்தப் பொண்ணை விடுங்க. இது நான் எழுதினது," என்றாள்.

நாயுடு நாகம்மாவை விட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பினார்.

"நீங்களா அம்மா? யாருக்கு?"

"யாருக்குன்னா? தாலி கட்டினவருக்குத்தான். புருஷன் பெண்டாட்டி பேசக்கூடாதுன்னு நீங்க சட்டம் போட்டா, நான் வேற என்ன பண்றது? சுவத்துல வெச்சேன்."

விசாலம் தமிழ்க் குடும்பம்தான். ஆனால் அவள் அப்பாவுக்குக் கூடூரில் ரயில்வே வேலை. தெலுங்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அது சத்திரத்துக்கே தெரியும்.

நாயுடு விடுகிற ஆளா? "அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவான்னு எழுதியிருக்கே?"

"மாமியாரை நாங்க அம்மான்னுதான் சொல்றது. அவங்களையே கேளுங்க!"

எல்லாரும் என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் காதில் விழாத என் அம்மா, தன்னை ஏதோ மரியாதையாக விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, "ஆமாம், ஆமாம்" என்று பலமாகத் தலையாட்டினாள். அந்தத் தாய்க்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

தாசில்தார்தான் மிச்சம். "அதெல்லாம் சரிம்மா. உங்க வீட்டுக்காரருக்குத்தான் தெலுங்கே தெரியாதே? அவருக்கா எழுதினீங்க?"

போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவருக்குத் தெரிஞ்ச பாஷையில எழுதினா, அடுத்த வாரமே பத்திரிகையில போட்டுட மாட்டாரா?" என்றாள் விசாலம்.

முற்றம் வெடித்துச் சிரித்தது. தாசில்தார் சிரித்தார். நாயுடுவே மீசைக்குள் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது. நாகம்மா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவரைக்கப் போனாள். மறுநாள் முதல் குடும்பஸ்தர்கள் சாயங்காலம் கொஞ்ச நேரம் தோட்டத்தில் உட்கார்ந்து பேசலாம் என்று உத்தரவும் ஆயிற்று.

நாங்களும் போய் உட்கார்ந்தோம். ஏகப்பட்ட தம்பதிகள் வரிசையாக உட்கார்ந்து, என்ன பேசுவது என்று தெரியாமல் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நிஜமாகவே யார் எழுதியிருப்பா?" என்றேன் மெதுவாக.

"யார் எழுதினா உங்களுக்கென்ன? எந்தக் காலத்துப் பொண்ணோ, எந்தப் பாவாவோ! நாகம்மா புருஷன் திரும்பி வந்தா, அவன் காதுல முதல்ல என்ன விழும்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?" என்று சீறினாள். அந்தச் சீட்டுகளை இருந்த இடத்திலேயே வைத்துச் செங்கல்லைப் பூசச் சொன்னாள். பூசினேன்.

அவன் வந்தான். மழைக்காலத்தில் ஒரு நாள், பர்மாக் காட்டையெல்லாம் நடந்தே கடந்து, கால் வீங்கி, கண்கள் உள்ளே போய், அதே ஜட்காவில் வந்து இறங்கினான். நாகம்மா மாவுக் கையோடு ஓடினாளே... அதைப் பார்த்துவிட்டு நான் தூணுக்குப் பின்னால் போய் அழுதேன். வெட்கமென்ன, அழுதேன்.

இதையெல்லாம் நேற்று எழுதி முடித்து, விசாலத்துக்குப் படித்துக் காட்டினேன். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு ஒன்றுதான் இன்னும் ஆச்சரியம்," என்றேன். "அத்தனை பெரிய பொய்யை அத்தனை பேரும் எப்படி நம்பினார்கள்? நம்பாதவன் நான் ஒருவன்தான்."

"நீங்க ஏன் நம்பலை?"

"அது உன் கையெழுத்து இல்லையே!"

கல்லை எடுத்து வெளியே எறிந்தாள். முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

"கையெழுத்துதான் வேற யாரோடதோ. எழுதியிருந்தது பொய்யில்லை," என்றாள். முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வாராவாரம் முகம் தெரியாத உங்களுக்கெல்லாம் எழுதுகிறேன். வீட்டுக்குள் இருப்பவளுக்கு இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. நேற்றிலிருந்து பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன், எழுந்து நடக்கிறேன், மறுபடி வந்து உட்காருகிறேன். உங்களுக்கென்றால் தானாக ஓடுகிற பேனா, இப்போது முதல் வார்த்தைக்கே முரண்டு பிடிக்கிறது.

பத்தி இந்த வாரம் அரைப் பக்கம் குறைகிறது என்று ஆசிரியர் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளட்டும் — இந்த மிச்சக் காகிதம் அச்சுக்கு இல்லை.