நீல ஆர்கிட்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் கிஃபாயத்துல்லாவின் மனைவி உம்மு சல்மாவுக்குக் கோபம் சட்டென்று வராது. வந்தால் லேசில் போகாது. காலையில் கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுப்பாள். மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குப் பின்னால்தான். அங்கே பச்சை வலைக்குக் கீழே அடுக்குச் செம்பருத்தி, அடினியம், கம்பியில் வரிசையாகத் தொங்கும் ஆர்கிட்கள். மண்ணே கேட்காமல் மரக்கரியையும் தேங்காய் மட்டையையும் பிடித்துக்கொண்டு பிழைக்கிற செடி என்று ஆர்கிட்மேல் அவளுக்குத் தனி மதிப்பு.

போன வருஷம் மாமல்லபுரம் சாலையில் ஒரு நர்சரியில் நீலப் பூ பூத்த ஆர்கிட்டைப் பார்த்தாள். கண்ணைப் பறிக்கிற நீலம்.

"வெளிநாட்டு ரகம்க்கா. எப்போ பூத்தாலும் இதே கலர்தான்," என்றான் நர்சரிக்காரன் வெங்கடேசன்.

வாங்கி வந்தாள். பூ உதிர்ந்த பிறகும் பச்சையாக நின்ற காம்பை வெட்ட மனசு வரவில்லை. போர் தண்ணீர் உப்பு என்று மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து ஊற்றினாள். ஏப்ரல் வெயிலில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நிழல் நிழலாக அலைந்தாள். பதினான்கு மாதம் கழித்துப் புதுக் காம்பு விட்டபோது பக்கத்து வீட்டுப் பெண்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். மொட்டு விரிந்தது. சுத்த வெள்ளை.

வெங்கடேசனுக்குப் போன் போட்டாள்.

"உங்க ஊரு தண்ணி உப்புக்கா, அதான் கலர் பூட்ச்சு. உங்களுக்கு வளக்கத் தெரியல," என்று வைத்துவிட்டான்.

இரண்டு நாள் அதை நம்பினாள். மழைத் தண்ணீர் வைத்த டிரம்மைக்கூடச் சந்தேகப்பட்டுத் தேய்த்துக் கழுவினாள். மூன்றாம் நாள் காய்ந்துபோன பழைய காம்பை வெட்டும்போது அடியில் ஒரு மெழுகுப் பொட்டு தட்டுப்பட்டது. நகத்தால் நெம்பினால் உள்ளே துளை. இருபது வருஷமாக ஊசி விற்கிறவளுக்கு ஊசி குத்திய இடம் தெரியாதா? காம்பைப் பிளந்தாள். உள்ளே நீலச் சாயம் கோடாக இறங்கியிருந்தது.

"போனா போவுது வுடு சல்மா. வெள்ளயும் அழகாத்தான் கீது," என்றார் கிஃபாயத்துல்லா.

"வெள்ளயப் பத்தி இப்ப யார் பேசினா? ஊசி போட்டு ஏமாத்தினவன் எனக்கு வளக்கத் தெரியலன்றான். நானும் ரெண்டு நாள் என்னையே திட்டிக்கினு கெடந்தேன். அதுக்கு இன்னா சொல்றீங்க?"



ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனாள். நர்சரியில் ஓர் இளம்பெண் நீல ஆர்கிட் தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு புருஷனிடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"காம்போட அடியப் பாரும்மா. மெழுகு கீதா? சொரண்டு," என்றாள் உம்மு சல்மா.

அந்தப் பெண் சுரண்டினாள். நகத்தில் நீலம் ஒட்டியது.

வெங்கடேசன் ஓடி வந்தான். "அது டானிக் ஏத்தின எடம்மா, ஒண்ணுமில்ல."

"டானிக்கா? தெனம் டானிக் விக்கிறவ நான். எந்த டானிக் பூவ நீலமாக்குது, பேரச் சொல்லு!"

"யாவாரத்தக் கெடுக்காத, கெளம்பு!"

"எனக்கு வளக்கத் தெரியலன்னு சொன்னியே, அத இவங்க முன்னாடி திருப்பிச் சொல்லு. கெளம்பறேன்."

அந்தப் பெண் தொட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். பின்னால் வந்தவர்களுக்கும் உம்மு சல்மா காம்பைத் திருப்பிக் காட்டினாள். மதியம்வரை அங்கிருந்து நகரவில்லை.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் நீலத் தொட்டி ஒன்றுகூட இல்லை. எங்கே என்று கேட்டதற்கு வெங்கடேசன், மொத்தமாக ஒருத்தர் எடுத்துப் போய்விட்டதாகச் சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய காம்பை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு, மருந்துக்கடை மேசைமேல் வைத்தாள். ஜுர மாத்திரை வாங்க வந்தவர்களிடமும் எடுத்துக் காட்டினாள்.

"நோயோட வந்தவங்களப் போட்டு இன்னாத்துக்குப் பேஜாரு பண்ற?" என்றார் கிஃபாயத்துல்லா.

"அவங்க வூட்லயும் செடி இருக்கும்ல? கேக்கட்டும்," என்றாள்.