மஞ்சுஷா ஆடிய ரேஷன் களி

மட்டாஞ்சேரியில் மிளகு மண்டிகள் வரிசையாக நிற்கும் சந்து ஒன்றில் ஷௌகத் அலி ஒரு இன்டர்நெட் கஃபே வைத்திருந்தார். ப்ரீடிகிரி முடித்து, கம்ப்யூட்டர் கோர்ஸும் படித்த மஞ்சுஷா 2002-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் ஷட்டரைத் தூக்குவது, வளைகுடாவில் இருக்கும் கணவன்மாருக்கு மெயில் அனுப்ப வரும் பெண்களுக்கு டைப் அடித்துக் கொடுப்பது, மதியத்துக்கு மேல் கல்லூரிப் பையன்கள் கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்வது. இவ்வளவுதான் வேலை.

மூலையில் ஒரு பழைய மெஷின் கிடந்தது. சுடுகிற விளையாட்டு எதையும் அது தாங்காது. யாரோ விட்டுப்போன ஒரே ஒரு விளையாட்டு மட்டும் அதில் ஓடும். ஒரு வீரன், அவனோடு மூன்று துணைகள். காடு, மலை, குகை என்று அலைவார்கள். வழியில் அரக்கர்கள் எதிர்ப்பட்டால் இரண்டு கூட்டமும் எதிரெதிராக வரிசையில் நிற்கும். அடி, மருந்து கொடு, தடு என்று நாம் ஒவ்வொருவருக்கும் உத்தரவு போட வேண்டும். நம் முறை முடிந்ததும் அவர்கள் முறை. மஞ்சுஷா ஆள் வராத நேரத்தில் அதைத்தான் ஆடுவாள்.

அதற்கு ரேஷன் களி, அதாவது ரேஷன் விளையாட்டு, என்று பெயர் வைத்தவன் சாஹில். பாலக்காட்டிலிருந்து வந்து கொச்சியில் கடை போட்ட தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பையன், கல்லூரி மாணவன், வாய்க்குப் பூட்டு இல்லாதவன்.

"நோக்கு சேச்சி, இவன் அடிக்கிறதுக்கு அவன் நின்னு தர்றான். அப்புறம் அவன் அடிக்கிறதுக்கு இவன் நின்னு தர்றான். ரேஷன் கடை க்யூ தோத்துப் போச்சு. எந்தா இது, யுத்தமா?"

"உன் களியில யோசிக்க நேரம் உண்டாடா? வெடி வை, ஓடு, சாவு. இதுல நான் சொல்றவரைக்கும் ராட்சசன் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். நான் போயி சாயா குடிச்சிட்டு வந்தாலும் நிப்பான். எனக்காக இப்படி நின்னவன் வேற யாரு இருக்கான்?"

"கல்யாணம் கழிஞ்சா ஒருத்தன் நிப்பான்."

"நிக்கமாட்டான்," என்றார் ஷௌகத் அலி, கல்லாவிலிருந்து தலை நிமிராமல். "எங்கிட்ட கேளு."

மஞ்சுஷாவை அந்த விளையாட்டில் கட்டிப்போட்டது காத்திருக்கும் அரக்கன் மட்டும் இல்லை. அதற்குள் ஒரு மடம் வரும். அங்கே போனால் வேலையை மாற்றிக்கொள்ளலாம். வாள் வீசியவன் வைத்தியனாகலாம், திருடன் மந்திரம் படிக்கலாம். உன் அப்பன் என்ன செய்தான் என்று மடத்துக்காரன் கேட்பதில்லை. மாறியவன் மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும், அது ஒன்றுதான் தண்டனை. முதன்முறை அந்த மடத்தைப் பார்த்தபோது அவள் சாவிப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

காரணம் அவள் பிறந்த இடம். ஊரின் மலத்தை வாளியில் சுமக்க வேண்டும் என்று பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவளுடையது. வாளி போய்விட்டது, லாரி வந்துவிட்டது, ஆட்சிகள் மாறிவிட்டன. கார்ப்பரேஷன் குவார்ட்டர்ஸில் இருக்கிற குடும்பங்கள் மட்டும் மாறவில்லை. பெயர்களைப் பார்த்தால் ஷிபு, பினு, மஞ்சுஷா என்று மலையாளப் பெயர்கள். பள்ளிக்கூடத்தில் படித்ததும் மலையாளம். ஆனால் துடைப்பம் யார் கைக்குப் போக வேண்டும் என்பதில் இந்த ஊருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. 'அப்பாவுக்கு கவர்மென்ட் ஜோலி' என்றுதான் மஞ்சுஷா கஃபேயில் சொல்லியிருந்தாள். பொய் இல்லை.

விளையாட்டின் குறைகளையும் அவள் மறைத்ததில்லை. வேலை மாற்றும் மடத்தில் எல்லாரும் மாறலாம், வீரன் ஒருவனைத் தவிர. அவன் ராஜவம்சம், அவன் வீரனாகத்தான் சாக வேண்டும். ஊர்க்காரர்களுக்கோ ஆளுக்கு ஒரே வசனம். கிணற்றடியில் நிற்கிற பெண் 'இன்று வெயில் அதிகம்' என்பாள். உலகமே இடிந்து விழுந்தாலும் அதையேதான் சொல்வாள். எல்லாவற்றையும்விட மோசமான குறை ராஜா. 'என் நாட்டைக் காக்கப் புறப்படுவாயா?' என்று கேட்பார். ஆம், இல்லை என்று இரண்டு பதில்கள் கீழே வரும். இல்லை என்று அழுத்தினால், 'அப்படிச் சொல்லாதே' என்று சொல்லிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்பார். ஒருநாள் மஞ்சுஷா பிடிவாதமாக இல்லை, இல்லை என்று அழுத்திக்கொண்டே இருந்தாள். சாஹில் பின்னால் நின்று பார்த்துச் சிரித்தான்.

"அப்போ இந்த 'இல்ல' எதுக்குடா வெச்சிருக்கான்?"

"ஒரு மரியாதைக்கு, சேச்சி."

அடுத்த வருஷ மழையில் அவளுடைய அப்பா ஆறுச்சாமி எலிக்காய்ச்சலில் செத்தார். போர்ட் கொச்சியில் வைப்பின் படகுத்துறைக்குப் போகும் சாலையோர ஓடையில், முழங்கால் தண்ணீரில் வெறும் காலோடு நின்று அடைப்பு எடுத்த மனிதர். காலில் ஒரு கீறல் இருந்தது. காய்ச்சல் வந்தது, கண் மஞ்சளாயிற்று, ஒரு வாரம் தாங்கவில்லை.

வேலையில் இருக்கும்போது செத்ததால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை உண்டு. கருணை அடிப்படை என்று அதற்குப் பெயர். ஒரு மனிதனைக் கொன்ற ஓடையிலேயே அவன் பிள்ளையையும் இறக்கிவிடுவதைக் கருணை என்று எழுத ஒரு பேனாவுக்கு மனம் வந்திருக்கிறது. குமாஸ்தா வேலை கிடைக்குமா என்று மஞ்சுஷா கார்ப்பரேஷன் ஆபீசில் கேட்டபோது, காலியிடம் வந்தால் பார்க்கலாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஆறுச்சாமியின் இடம் மட்டும் நாளைக்கே தயார். யாரும் சேராவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

அண்ணன் ஷிபு ஆலுவாயில் ஆட்டோ ஓட்டினான். அப்பா ஆபீஸில் கிளார்க் என்று சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டவன். காரியத்துக்குக்கூட மனைவியை அழைத்துவராமல் தனியாக வந்தான். வேலைப் பேச்சு வந்ததும் செருப்பைத் தேடினான். மிச்சம் இருந்தது மஞ்சுஷா.

அந்தக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. கருமாதி அன்று செத்தவர் நெருங்கிய சொந்தத்தில் யார் மேலாவது வந்து இறங்கி, குறையைச் சொல்லிவிட்டுப் போவார். சொல்வது பெரும்பாலும் உயிரோடு இருக்கிறவர்களுக்கு வசதியானதாகவே இருக்கும். அன்று ஆறுச்சாமி தன் அக்கா மாயம்மாள்மேல் வந்தார். மாயம்மாளும் துடைப்பம் பிடித்தே முதுகு வளைந்தவள். தலைமுடி அவிழ்ந்து, கண் சொருகி, உடம்பு குலுங்க நின்றாள்.

"எனக்கு மனசு ஆறல. என் வீடு இருட்டாப் போகுது. என் ஜோலிய என் மக எடுக்கட்டும். எடுக்கிறேன்னு சொல்லு மோளே."

கூட்டம் கைகூப்பியது. மஞ்சுஷா கையைக் கூப்பவில்லை.

"அப்பன் கேக்கறேன். எடுக்கிறேன்னு சொல்லு."

"இல்ல."

"பெத்த அப்பன்கிட்ட அப்படிச் சொல்லாதே. எடுக்கிறேன்னு சொல்லு."

மஞ்சுஷா ஒரு அடி முன்னால் வந்தாள். "அப்பான்னா ஒண்ணு கேக்கறேன். ஆசுபத்திரியில கடைசியா எங்கிட்ட என்ன சொன்னீங்க? நான் மட்டும்தான் பக்கத்துல இருந்தேன்."

மாயம்மாளின் குலுக்கல் சற்றுத் தணிந்தது. "அம்மாவ நல்லாப் பாத்துக்கோன்னு சொன்னேன்."

"சாயா வேணும்னு சொன்னாரு, அத்தே. நர்ஸு குடுக்கக் கூடாதுன்னுட்டா. சாயா, சாயான்னே சொல்லிட்டுக் கெடந்தாரு. வேற ஒரு வார்த்தை சொல்லல."

யாரோ ஒரு கிழவர் மூக்கைச் சிந்தினார். மாயம்மாள் கண்ணைத் திறந்துவிட்டாள். தம்பி கடைசியில் கேட்டது கிடைக்காமல் போனான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சாமியாட்டம் போய், வெறும் அழுகையாக அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் சொந்தக் குரலில் கேட்டாள்.

"செரிடி. அவன் வரல, நான்தான் சொன்னேன். நானே கேக்கறேன். வீட்ட விட்டுட்டு உங்கம்மாவ எங்கடி கூட்டிட்டுப் போவே?"

எங்கே என்று மஞ்சுஷா யோசித்திருக்கவில்லை. ஆனாலும், "நான் எடுக்கமாட்டேன்," என்றாள். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. தான் சொன்ன 'இல்லை' பலித்துவிட்டது என்றே அவள் நம்பினாள். கஃபேயில் கிடைக்கும் சம்பளத்துக்கு வைப்பினில் ஒரு அறை கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்கினாள்.

அந்த வாரமே அம்மா சுப்பம்மாள் காலையில் குளித்து, கருமாதிக்குக் கட்டிய புடவையையே உடுத்தி, மகளிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஆபீசுக்குப் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தாள். விதவைக்கும் அந்த வேலை உண்டு. இத்தனை பேச்சிலும் அது மஞ்சுஷாவுக்குத் தோன்றவே இல்லை. அம்மாவை எங்கே வைத்துக் காப்பாற்றுவது என்று யோசித்தவள், அம்மாவும் வரிசையில் நிற்கிறாள் என்பதைப் பார்க்கவில்லை. விளையாட்டில் ஒருவனைப் பின்வரிசைக்கு நகர்த்தினால் அவனுக்கு விழ வேண்டிய அடி முன்னால் நிற்கிறவன்மேல் விழும். அதையும் ஒரு நல்ல அம்சமாகத்தான் அவள் சாஹிலிடம் சொல்லியிருந்தாள்.

"யாரக் கேட்டும்மா போனே?"

"நீ யாரக் கேட்டு இல்லன்னு சொன்னே? நான் எதாச்சும் சொன்னேனா?" சுப்பம்மாள் கப்பைக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே பேசினாள். "நீ அந்தப் பெட்டி முன்னாடி உக்காரு. எனக்கு அது போதும். மதி."

"மதியா? எனக்கு எப்படிம்மா மதி?"

"அது எனக்குத் தெரியாது மோளே. கப்பை வேகட்டும், தண்ணி கொண்டா."

எந்தத் தெரு என்று கேட்கிற உரிமை புதிதாகச் சேர்ந்தவளுக்குக் கிடையாது. சுப்பம்மாளுக்குக் கிடைத்தது மிளகுச் சந்து. முதல் நாளே மகளிடம் சொல்லிவிட்டாள்: "அங்க என்னக் கூப்பிடாதே. பாக்காத மாதிரி போயிரு." ஒவ்வொரு காலையும் மஞ்சுஷா அந்தச் சந்தில் திரும்பும்போது, சுப்பம்மாள் புடவைமேல் போட்ட காக்கிச் சட்டையோடு ஒரு மண்டிச் சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள். மகள் கடந்துபோகும்வரை துடைப்பம் அசையாது. கஃபேக்கு வேறு வழி இல்லை. மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. அந்த விளையாட்டை மஞ்சுஷா தொடவில்லை. 'என்ன சேச்சி, ரேஷன் கடை பூட்டியாச்சா?' என்று சாஹில் கேட்டுப் பார்த்தான். பிறகு விட்டுவிட்டான்.

ஒருநாள் காலை ஷௌகத் அலி வழக்கத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். மஞ்சுஷா படியேறி ஷட்டரைத் தூக்கி முடித்திருந்தாள். கடை வாசலில் மீன் வாங்கி வந்த யாரோ போட்ட குப்பை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்ற காக்கிச் சட்டையைப் பார்த்துக் கைதட்டினார்.

"ஏய், இங்கயும் கொஞ்சம் தூத்துட்டுப் போ."

மஞ்சுஷா திரும்பினாள். "இக்கா, அது எங்கம்மா."

"யாரு?"

"எங்கம்மா. சுப்பம்மாள்."

ஷௌகத் அலி இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, சம்பளத்தை ஒருநாளும் இழுத்தடித்தவர் இல்லை. "நீ சொல்லலையே," என்றார் மெதுவாக. அதற்குள் அவர் கண் கடைக்குள்ளே, அவள் தினமும் எடுத்துக் குடிக்கும் தண்ணீர்க் கூஜாவுக்குப் போய்விட்டு வந்தது. அவரே அதைக் கவனித்திருக்க மாட்டார். மஞ்சுஷா கவனித்தாள்.

சுப்பம்மாள் அதற்குமேல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. துடைப்பத்தோடு கடை வாசலுக்கு வந்தாள். முதலாளியை நிமிர்ந்து பார்க்காமல் குனிந்து, மீன் செதிளைக் கூட்டத் தொடங்கினாள். மஞ்சுஷா படியிறங்கி அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடித்தாள்.

சுப்பம்மாள் பிடியை விடவில்லை.

"தள்ளி நில்லு மோளே. தூசி படும்."