கடிகாரத்தை நிறுத்தாமல் 68 கிலோமீட்டர்: தொட்டபள்ளாபூர் மண்பாதையில் இரண்டு நாள்

எனக்கு நாற்பத்தாறு வயது, என் நாத்தனார் ஜெசிந்தாவுக்கு நாற்பத்தொன்று. வருகிற கோடையில் வடக்கே மலையில் நடக்கும் ஐந்து நாள் மலைச் சைக்கிள் பந்தயத்துக்கு நாங்கள் இருவரும் ஜோடியாகப் பெயர் கொடுத்திருக்கிறோம். இதைச் சொன்னதும் மக்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு முழங்காலைப் பற்றி விசாரிப்பார்கள். நான்கு மாதமாக இந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "நீயும் என் தங்கச்சியும் சண்ட போடாம திரும்பி வந்தா அதுவே பெரிய ரேஸ்தான்" என்றார். அவர் கவலை அவருக்கு.

பந்தயத்தின் விதி எளிது. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். ஜோடியில் ஒருவர் மற்றவரை விட்டு இரண்டு நிமிடத்துக்கு மேல் முன்னால் போகக்கூடாது. மிக நீண்ட கட்டம் 68 கிலோமீட்டர், ஏழு மணி நேரத்துக்குள் இருவரும் சேர்ந்து முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் கொடியைக் காட்டி வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

எங்கள் சைக்கிள் குழுவை நடத்துகிறவரை ரகு என்று வைத்துக்கொள்வோம். எங்கள் இடத்துக்காக ஒரு இளம் ஜோடி காத்திருந்தது. போக முடியுமா என்று ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருந்தார். கூடவே ஒரு வரி: "மேடம், ஃபன் ரைடு வேற, ஸ்டேஜ் ரேஸ் வேற." அதைப் படித்த அன்றே இந்தப் பயணத்தை முடிவு செய்தேன். சனி 68, ஞாயிறு 68. இரண்டு நாளும் ஏழு மணி நேரத்துக்குள் முடித்தால் போகிறோம், இல்லாவிட்டால் இடத்தைக் கொடுத்துவிடுகிறோம் என்று ஜெசிந்தாவிடம் வீறாப்பாகச் சொன்னதும் நான்தான்.

பிப்ரவரி மாதம், வெள்ளிக்கிழமை மாலை. ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டிலிருந்து காரின் பின்னால் இரண்டு சைக்கிளையும் கட்டிக்கொண்டு நான்கு மணிக்குக் கிளம்பினோம். தொட்டபள்ளாபூர் நாற்பது கிலோமீட்டர்தான். ஹெப்பாள் நெரிசலில் மட்டும் முக்கால் மணி நேரம் போனது. ஆறரைக்கு லாட்ஜ். இரட்டைக் கட்டில் அறை 1,400 ரூபாய். சைக்கிளை அறைக்குள் வைக்க விடுவார்களா என்று போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எங்களை முதலில் மாடிப்படிக்குக் கீழே வைக்கச் சொன்னார்கள். ஜெசிந்தா கன்னடத்தில் பத்து நிமிடம் பேசிய பிறகு சைக்கிள் இரண்டும் எங்களோடு தூங்கின.

ஊரிலிருந்து காட்டி சுப்பிரமணியா கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு சாலை முக்கில் ரத்னம்மாவின் டீக்கடை இருக்கிறது. காரை அங்கேயே விடலாம், அவர் பார்த்துக்கொள்வார். டீ 15, இரண்டு தட்டு இட்லி 40. அங்கிருந்து மாக்கலிதுர்கா மலையின் பின்பக்கமாக ஏறி, ஏரிக்கரை வழியே சுற்றி வந்தால் 34 கிலோமீட்டர். அதில் 27 மண்பாதை. ஏற்றம் மொத்தம் 520 மீட்டர். கஷ்டமான இடம் பதினோராவது கிலோமீட்டரில் வரும் கல் ஏற்றமும் அதற்கு அடுத்த இறக்கமும்தான். இரண்டு சுற்று போனால் பந்தயக் கணக்கு சரியாகிவிடும்.

சனிக்கிழமை காலை 6.20க்குக் கிளம்பினோம். ஏற்றத்தில் நான் வேகம், அதனால் உச்சியில் நின்று ஜெசிந்தாவுக்காகக் காத்திருந்தேன். இறக்கத்தில் அவள் வேகம். நான் கல்லைப் பார்த்தாலே இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடிக்கிற ரகம். அவள் கீழே ஒரு புளியமரத்தடியில் எனக்காகக் காத்திருந்தாள். ஒரு சுற்றுக்குப் பிறகு இட்லி சாப்பிட்டோம், போட்டோ எடுத்தோம், இளநீர் குடித்தோம். மறுபடி ஒரு சுற்று. முடித்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு மணி நேரம் ஐந்து நிமிடம்! ஏழுக்கு ஐம்பத்தைந்து நிமிடம் மிச்சம். நடு ரோட்டில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ரகுவுக்கு என்ன பதில் அனுப்புவது என்று மனசுக்குள் நக்கலாக ஒரு வரியும் தயாராகிவிட்டது.

அப்போதுதான் ரத்னம்மா கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "ஏனம்மா, எண்ட்டு கண்ட்டெ ஆய்த்தல்லா, ஊட்டா மாடில்வா?" எட்டு மணி நேரம் ஆகிவிட்டதே, சாப்பிடவில்லையா என்று கேட்கிறார்.

எட்டு மணி நேரமா? கடைச் சுவரில் மணி 2.12. நாங்கள் கிளம்பியது 6.20. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏழு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.

விஷயம் இதுதான். சைக்கிள் நின்றால் எங்கள் ஜிபிஎஸ் கைக்கடிகாரத்தில் ஓடும் நேரக்கணக்கும் தானாக நின்றுவிடும், நகர்ந்தால் மறுபடி ஓடும். சிக்னலில் நிற்கும் நேரம் சராசரி வேகத்தைக் கெடுக்கிறது என்று நான்கு மாதத்துக்கு முன் நானே பெருமையாக அப்படி வைத்தேன், ஜெசிந்தாவுக்கும் வைத்துக் கொடுத்தேன். உச்சியில் நான் காத்திருந்தது, புளியமரத்தடியில் அவள் காத்திருந்தது, இட்லி, இளநீர், போட்டோ எதுவுமே கணக்கில் ஏறவில்லை. நான்கு மாதமாக எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டிருந்தோம். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபம்தான் அதிகம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அறைக்குத் திரும்பியதும் ஜெசிந்தா காலை நீட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். "அண்ணி, பேசாம அந்தப் பசங்களுக்கே குடுத்துடலாம். அம்பத்தி ரெண்டு நிமிஷம் எங்கேந்து வரும்?"

"காத்திருந்த நேரத்துலேந்து வரும். நாளைக்கு உன் தண்ணிப் பையும் டூல்ஸும் நான் தூக்கறேன். ஏத்தத்துல உன் முதுகுல கை வெச்சுத் தள்ளறேன்."

"தள்ளிக்கிட்டுப் போக நான் என்ன கட்டை வண்டியா?"

"நீ எனக்கு எறக்கத்துல வழி காட்டு. நானும் சின்னப் புள்ள மாதிரி பின்னாடி வரேன். சரிக்குச் சரி."

அவள் தன் கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். இரண்டு கடிகாரத்திலும் தானாக நிற்கும் வசதியை அணைத்தேன்.

ஞாயிறு 6.10. தொடை இரண்டும் மரத்துப்போயிருந்தன. ஏற்றத்தில் ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கை அவள் முதுகில். முதல் ஐந்து நிமிடம் அவளுக்கு ரோஷம், தோளைத் தோளை உதறினாள். பிறகு மூச்சு வாங்கியதும் ரோஷத்துக்கு இடமில்லை. இறக்கத்தில் அவள் முன்னால் போனபடியே கத்தினாள்: "எடது பக்கம் அண்ணி. முன் பிரேக்க விடுங்க. கல்லப் பாக்காதீங்க, என் டயரப் பாருங்க." எனக்கும் ரோஷம்தான். ஆனாலும் அவள் டயரைப் பார்த்தேன். முந்தின நாள் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த இரண்டு இடத்திலும் இன்று என் கால் தரையில் படவில்லை. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், பயந்துகொண்டே ஓட்டினேன்.

முதல் சுற்று முடிந்தபோது மணி 9.38. ரத்னம்மா டீயை ஆற்றியே வைத்திருந்தார். ஆறு நிமிடத்தில் மறுபடி சைக்கிளில். 51வது கிலோமீட்டரில் ஏரிக்கரையோரம் ஜெசிந்தாவின் பின் டயரில் கருவேல முள். பிடுங்கி, அடைத்து, காற்றடிக்க ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவசரமாக அடித்ததில் பம்ப் இரண்டு முறை நழுவியது.

கடை வாசலில் வந்து நின்றபோது 1.21. ஏழு மணி பதினோரு நிமிடம்.

"முள்ளைக் கழிச்சா ஏழு ரெண்டு" என்றாள் ஜெசிந்தா.

"கழிக்கக் கூடாது" என்றேன். நான்கு மாதம் கழித்துக் கழித்துப் பார்த்ததன் லட்சணம் தெரிந்துவிட்டதே.

படிக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். இந்தச் சுற்றுக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும், ஏரிக்கரைக்குப் பிறகு கடையே கிடையாது. பத்தரைக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். முள் நிறைய, டயருக்குள் ஊற்றிய, ஓட்டையை அடைக்கும் திரவம் காய்ந்திருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். வனத்துறை பலகை இருக்கும் கிளைப்பாதைகளில் நுழையாதீர்கள். பெட்ரோல் நீங்கலாக இரண்டு பேருக்கு இரண்டு இரவு, மூன்று நாள், எல்லாம் சேர்த்து 4,150 ரூபாய் ஆனது. பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவரானால் காலையில் கிளம்பிய மணியை ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள், திரும்பி வந்து அதை மட்டும் பாருங்கள். ஜோடியாகப் போகிறவர்கள் யார் வேகம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, யார் எங்கே காத்திருக்கிறார் என்று பாருங்கள்.

ஞாயிறு மாலை எலகங்கா தாண்டி நெரிசலில் நின்றோம். மணி 5.35, ரகு கேட்ட ஆறு மணிக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம். நான் ஓட்டிக்கொண்டிருந்தேன், போன் ஜெசிந்தா கையில். நான் கொடுத்த வாக்கு இருந்தது. "ஏழுக்குள்ள முடியலையே. இடத்தக் குடுத்துடலாம்னு எழுதிடு" என்றேன்.

"நேத்து நமக்கு ஏழு அம்பத்தி ரெண்டு. இன்னிக்கு செத்த காலோட ஏழு பதினொண்ணு" என்றாள். "பந்தயத்துக்கு இன்னும் ஒம்பது வாரம் இருக்கு. வாக்குக் குடுத்தது நீங்க அண்ணி, நான் இல்ல."

அவளே தட்டினாள். "ஏழு மணி பதினோரு நிமிடம். எங்கள் பெயரை நீக்க வேண்டாம்."

உடனே பதில் வந்தது. "மேடம், கட்-ஆஃப் ஏழு."

"தெரியும்" என்று அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்தப் பதினோரு நிமிடத்தைக் குறைப்போமா என்று எனக்குத் தெரியாது. குறைக்காவிட்டால் மலையில் கொடியோடு ஒருவர் வந்து எங்களை இறக்கட்டும். அவர் வருகிறவரை நாங்களாக இறங்க மாட்டோம்.