இலை போடும் முன் தூக்கிய கை

திண்டிவனம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். கிளியனூர் ஆள் ஒருவர் ஓடிவந்து, "நம்ம கோவிந்தசாமி அண்ணன் செத்துப் பூட்டாருங்க" என்றார். நான் ரயில் ஏறவில்லை. கிளியனூரில் எங்கள் கட்சிச் செயலாளர் அவர். என்னோடு ஓயாமல் சண்டை போட்ட சிநேகிதர். அந்தச் சண்டைகளைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்ட கட்சி நண்பர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஜில்லா போர்டுத் தலைவர் பதவிக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்று ஊர் ஊராகக் கூடிக் கை தூக்கிய வருஷம் நினைவிருக்கிறதா? "மேலிடம் ஒரு பேரைச் சொன்னால் போதாதா, இதென்ன பேஜாரு!" என்று நான் கத்தினேன். அவர் சிரித்தார். "மாடு வாங்கறவன் பல்ல புடிச்சுப் பாக்கறான். தலைவர மட்டும் கண்ண மூடிக்கினு வாங்கணுமா?"

போட்டி கிளியனூர்ப் பண்ணையாருக்கும் ஏசுதாஸ் வாத்தியாருக்கும். சேரிக்குக் கிணறு வெட்டித் தருவேன் என்றவர் வாத்தியார். அன்று காபி கிளப்பில் உட்கார்ந்து, சைக்கிளில் வரும் ஒவ்வொரு முடிவுக்கும் நாங்கள் போட்ட கூச்சல் இருக்கிறதே! காணையில் வாத்தியார்! விழுப்புரத்தில் பண்ணையார்! மத்தியானத்துக்குள் இருவரும் சரிசமம். பாக்கி கிளியனூர் மட்டும். எனக்கு இருப்புக்கொள்ளுமா? சைக்கிளை மிதித்தேன்.

பண்ணையார் தோப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. முதலில் விருந்து, பிறகு கை தூக்கல். அதுதான் அங்கே வழக்கம். அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு எவன் அவருக்கு எதிராகக் கை தூக்குவான்? இலைக்கட்டைப் பிரிக்கும்போது கோவிந்தசாமி எழுந்தார். அவர் உழுததே பண்ணையாரின் குத்தகை நிலம்.

"அய்யா, மொதல்ல கைய தூக்கிடலாங்க."

"ஏன்டா, சோறு ஆறிடாது?"

"ஆறுன சோத்த துன்னலாங்க. எச்சக் கைய தூக்க முடியாதுங்களே."

தோப்பே சிரித்தது. பண்ணையாரும் சிரித்தார், ஜெயிப்போம் என்ற நினைப்பு அவருக்கு. "சரி, தூக்குங்கடா!" என்றார். தூக்கினார்கள். வாத்தியாருக்குத் தூக்கினார்கள்! நான் குதித்த குதியில் சைக்கிள் சாய்ந்து விழுந்தது.

அடுத்த போகத்துக்குக் குத்தகை போயிற்று. கோவிந்தசாமி திண்டிவனம் சந்தையில் மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்கினார். "வருத்தமாய்யா?" என்று கேட்டேன். "வாத்தியார் வெட்டுன கெணத்துல தண்ணி வந்துடுச்சு, போய்யா" என்றார்.

அவர் கருமாதியன்று அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் சமையல். சாப்பிட்டானதும் புதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பந்தியில் உட்கார்ந்தோம். அவர் மனைவி அஞ்சலை சோற்றுக் கூடையோடு வந்தார். எங்களைப் பார்த்தார். கூடையை இறக்கி வைத்தார்.

"மொதல்ல கைய தூக்குங்க" என்றார்.

கோவிந்தசாமி எனக்கு விட்டுப்போனது அதுதான். அழுதுகொண்டே தூக்கினேன்.